'கான் வித் த விண்ட்' எம்ஜிஎம் படமாம்! யார் சொன்னது?

பயாஸ்கோப் பெரியசாமி:
பக்கத்து இழையில் லியோ ரசிகன் என்பவர் "எம்ஜிஎம் நூறாண்டு: தலைசிறந்த பத்துப் படங்கள்" என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். 1924இல் தியேட்டர் முதலாளி மார்கஸ் லோ மூன்று கம்பெனிகளை ஒன்றாகச் சேர்த்து எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் ஸ்டூடியோவை உண்டாக்கிய கதை, அதன் சின்னமான கர்ஜிக்கும் சிங்கம், "வானத்தில் இருப்பதைவிட அதிக நட்சத்திரங்கள்" என்ற பழைய விளம்பரம் எல்லாம் இருக்கிறது. சந்தோஷம். ஆனால் முதலிடம் எதற்கு? 'கான் வித் த விண்ட்', 1939. படித்ததும் குடித்துக்கொண்டிருந்த காபி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அது எம்ஜிஎம் படம் இல்லை ஐயா. தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் 1936இல் 50,000 டாலர் கொடுத்து நாவலின் உரிமையை வாங்கினார். எடுத்தது அவருடைய செல்ஸ்னிக் இன்டர்நேஷனல். சிறந்த படத்துக்கான ஆஸ்கார் போனதும் அந்தக் கம்பெனி பெயரில்தான். எம்ஜிஎம் செய்தது விநியோகம். கல்யாண மண்டபத்துக்காரர் மாப்பிள்ளை ஆகிவிட முடியுமா?

லியோ ரசிகன்:
பெரியவரே வணக்கம். காபியைச் சூடு பண்ணிக் குடிச்சிட்டு வாங்க, பேசலாம்.

மண்டபத்துக்காரரா? கதாநாயகன் கிளார்க் கேபிள் யார் ஆள்? எம்ஜிஎம்மோட சம்பளப் பட்டியல்ல இருந்தவர். இயக்குநர் விக்டர் ஃபிளெமிங்? அவரும் எம்ஜிஎம் ஆள்தான். 'விசார்ட் ஆஃப் ஆஸ்' எடுத்துக்கிட்டிருந்தவரைப் பாதியில பிடுங்கிக் கொடுத்தாங்க. பணம்? பன்னிரண்டரை லட்சம் டாலர், பட்ஜெட்ல பாதி. லாபத்துலயும் பாதி. இதுல பெரிய வேடிக்கை, செல்ஸ்னிக் பொண்டாட்டி ஐரீன் யாரு? எம்ஜிஎம் தலைவர் லூயிஸ் பி. மேயரோட பொண்ணு! அப்போ மண்டபத்துக்காரர் இல்லீங்க, சாட்சாத் மாமனார். மாமனார் காசு, மாமனார் வீட்டு ஆளு. மாப்பிள்ளை மட்டும் தனியா வந்தாராக்கும்.

தரைடிக்கெட்:
மாமனார் 😂😂 செம.

பயாஸ்கோப் பெரியசாமி:
சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கணக்குக்கு வாருங்கள்.

"பட்ஜெட்டில் பாதி" என்கிறீர்கள். 1938இல் ஒப்பந்தம் போட்டபோது மதிப்பிட்ட பட்ஜெட்டில் பாதி. படம் முடிந்தபோது செலவு சுமார் முப்பத்தெட்டரை லட்சம் டாலர். பன்னிரண்டரையை முப்பத்தெட்டரையால் வகுத்துப் பாருங்கள். நூற்றுக்கு முப்பத்திரண்டு. மூன்றில் ஒன்றுகூட முழுதாக வரவில்லை. மூன்றில் ஒன்று போட்டவர் மாமனார் இல்லை, சீர் கொண்டுவந்த ஒன்றுவிட்ட சித்தப்பா.

கேபிளையும் சும்மா கொடுக்கவில்லை. அவருடைய வாரச் சம்பளத்தைக் கட்டியது செல்ஸ்னிக். வாடகைக் காரில் போனால் கார் நம்முடையதா?

கவிதா_திருச்சி:
ஒரு சின்ன விஷயம். "ஒரு கம்பெனியின் படம்" என்றால் என்ன அர்த்தம் என்று முதலில் பேசிக்கொள்ளலாமா? தயாரித்ததா, பணம் போட்டதா, வெளியிட்டதா, இன்று உரிமை வைத்திருப்பதா? நான்குக்கும் நான்கு வெவ்வேறு விடை வரும். அதை முடிவு செய்யாமல் பேசினால் இது பத்துப் பக்கம் போகும்.

ஈசிஆர் சேகர்:
எம்ஜிஎம்னா எங்க ஊர்ப் பக்கம் ராட்டினம் சுத்துற பார்க்தானே? அவங்க படம் வேற எடுத்தாங்களா? ஜெயன்ட் வீல் நல்லா இருக்கும்.

லியோ ரசிகன்:
சேகர், அது வேற எம்ஜிஎம். தெரிஞ்சுதான் கேக்கிறீங்கன்னு தெரியும். வேற வேலை இல்லையா?

பெரியவரே, ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடும்போது என்ன மதிப்போ அதுதான் கணக்கு. அன்னைக்கு அது பாதி. அப்புறம் உங்க மாப்பிள்ளை ஊதாரித்தனமா செலவு பண்ணி, இயக்குநரை மாத்தி, திரைக்கதைக்கு ஆள் மேல ஆள் போட்டு இழுத்தடிச்சதுக்கு மாமனார் பொறுப்பா? பாதி பாதிதான். லாபத்துல பாதி வாங்கினாங்களே, அது மூணுல ஒண்ணுன்னு யாராவது குறைச்சாங்களா?

பயாஸ்கோப் பெரியசாமி:
பார்த்தீர்களா, அவரே ஒத்துக்கொள்கிறார். போட்டது மூன்றில் ஒன்று, எடுத்தது பாதி. இதற்குத் தமிழில் வேறு பெயர் உண்டு.

ஊதாரித்தனம் என்று எழுதிய கையை நான் கழுவச் சொல்லமாட்டேன். அந்த "ஊதாரி"தான் 1938 டிசம்பர் 10 ராத்திரி, கதாநாயகியே உறுதியாகாத நேரத்தில், தன் ஸ்டூடியோவின் பின்பக்கம் கிடந்த பழைய செட்டுகளுக்குத் தீ வைத்து அட்லாண்டா எரிகிற காட்சியை எடுத்தார். எரிந்தவற்றில் 'கிங் காங்' படத்தின் செட்டும் ஒன்று. இடமும் மிச்சம், படமும் மிச்சம். இதில் எம்ஜிஎம் தீக்குச்சிகூடக் கொடுக்கவில்லை.

நடிகரைக் கடன் கொடுத்ததால் படம் சொந்தம் என்றால் இன்னொன்று கேட்கிறேன். மெலனியாக நடித்த ஒலிவியா டி ஹேவிலண்ட் யார் ஒப்பந்தத்தில் இருந்தார்? வார்னர். இசை மேக்ஸ் ஸ்டைனர், அவரும் வார்னரிடமிருந்து வந்தவர். அப்படியானால் கால்வாசி வார்னர் படம் என்று பட்டியலில் எழுதுவீர்களா?

இன்னும் ஒன்று. அந்தக் கதை எம்ஜிஎம்முக்கும் வந்ததாகவும், அமெரிக்க உள்நாட்டுப் போர்ப் படம் எதுவும் ஒரு காசு சம்பாதித்ததில்லை என்று அங்கே தயாரிப்புத் தலைவராக இருந்த இர்விங் தால்பெர்க் மேயரிடம் சொல்லித் தட்டிக்கழித்ததாகவும் ஹாலிவுட்டில் எல்லாரும் சொல்லும் கதை. வேண்டாம் என்று சொன்ன பெண்ணுக்குப் பிறகு வந்து உரிமை கொண்டாடுவதா?

யாழ்க் குமரன்:
நான் இரண்டு பேரையும் நெடுநாளாய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறன். ஆளாளுக்கு மூண்டிலொண்டு, பாதி எண்டு கதைக்கிறீங்கள், படத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. நாலு மணித்தியாலப் படம். நிறத்துக்காகவே பார்க்கலாம், சரி. ஆனால் அதில அடிமைகளைக் காட்டின விதம்? 'மாமி' எண்ட பெயரில வாற அடிமைத் தாதியாக நடிச்ச ஹட்டி மக்டானியலுக்கு ஒஸ்கார் கிடைச்சது, அந்த விருதை வாங்கின முதல் கறுப்பினத்தவர் அவ. ஆனால் விழாவில அவவைத் தனி மேசையில இருத்தினவங்கள். அட்லாண்டாவில முதற்காட்சிக்கு அவ போகவே ஏலாமல் போச்சு. முதலிடம் குடுக்கிற பட்டியலில இதுக்கு ஒரு வரி கூட இல்லை. அது ஆற்ற படம் எண்டு மட்டும் சண்டை.

ஈசிஆர் சேகர்:
"ஒஸ்கார்" னா? புது விருதா?

யாழ்க் குமரன்:
ஓம், நீங்கள் "ஆஸ்கார்" எண்டு வாயைப் பிளந்து எழுதுறதுதான் விருதின்ர உண்மையான பெயர். நாங்கள் ஒலிப்புக்குக் கிட்ட எழுதுறம். "ஹாலிவுட்" எண்டு எழுதுற ஆக்கள் எனக்கு எழுத்துச் சொல்லித் தரவேண்டாம்.

தரைடிக்கெட்:
ஆரம்பிச்சிட்டாங்கய்யா. போன மாசம் "டொக்டர்-டாக்டர்" சண்டைக்கே நெறியாளர் மூணு நாள் லீவு போட்டாரு.

லியோ ரசிகன்:
குமரன் சொன்னது நியாயமான விஷயம். தனி இழை போடுங்க, நானும் வர்றேன். இங்க விஷயம் வேற.

ஃபிளெமிங் பத்தி ஒண்ணு சேர்த்துக்கிறேன். அவரைக் கழட்டிக்கிட்டுப் போனதால 'ஆஸ்' படத்துல கான்சாஸ் காட்சிகளை, அதாவது ஜூடி கார்லண்ட் ரெயின்போ பாட்டு பாடுற அந்தக் கருப்புவெள்ளைப் பகுதியை, கிங் விடார்னு இன்னொரு இயக்குநர்தான் வந்து எடுத்துக் கொடுத்தார். தன் சொந்தப் படத்தையே பாதியில நிறுத்தி ஆள் அனுப்பின கம்பெனியை "சித்தப்பா"ன்றார் பெரியவர். நன்றிகெட்ட உலகம்.

பயாஸ்கோப் பெரியசாமி:
கருப்புவெள்ளை இல்லை. செபியா. அந்தப் பகுதி செம்பழுப்பு நிறத்தில் வரும். படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதுதான் இவருடைய வழக்கம். போன வருஷம் ஜேம்ஸ் பாண்ட் இழையிலும் இதேதான். "எம்ஜிஎம்மின் ஜேம்ஸ் பாண்ட்" என்று எழுதினார். நான் அன்றே சொன்னேன், 1962இல் 'டாக்டர் நோ'வை வெளியிட்டது யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ். 'ஹெவன்ஸ் கேட்' என்ற ஒரே படத்தில் அந்தக் கம்பெனி நொடித்துப்போய், 1981இல் எம்ஜிஎம் அதை வாங்கியபோது பாண்டும் கூடவே வந்தார். வீடு வாங்கினால் கொல்லையில் இருக்கும் மாமரமும் வரும். அதற்காக நான் நட்ட மரம் என்று சொல்லலாமா? அன்று இவர் பதில் சொல்லாமல் எழுந்து போனார். இன்றுவரை பாக்கி இருக்கிறது.

லியோ ரசிகன்:
பதில் சொல்லாம போகல, எனக்கு அன்னைக்குக் காய்ச்சல்! ஒரு வருஷமா மனசுல வச்சிருந்தீங்களா? அடேங்கப்பா.

ஈசிஆர் சேகர்:
இப்போ பாண்ட் அமேசான்கிட்ட இருக்காராமே. அப்போ மாமரத்தை டெலிவரி பாய்தான் நட்டாரா?

தரைடிக்கெட்:
நம்ம ஊர்லயே இந்தப் பஞ்சாயத்து இருக்கே. 'பராசக்தி' யார் படம்? எல்லாரும் ஏவிஎம் படம்பாங்க. ஆனா தயாரிச்சது நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் முதலியார். ஏவிஎம் கூட்டா நின்னாங்க, படம் எடுத்ததும் அவங்க ஸ்டூடியோவுலதான். நம்ம படத்துக்கே தீர்ப்பு சொல்ல முடியல, அமெரிக்காக்காரனுக்கு எங்க போறது?

பயாஸ்கோப் பெரியசாமி:
தரைடிக்கெட் தம்பி என் வாதத்துக்கே வலு சேர்த்துவிட்டார். புதுமுகம் சிவாஜி வேண்டாம், வேறு ஆளைப் போடலாம் என்று மெய்யப்பச் செட்டியார் தரப்பு சொன்னபோது விடாப்பிடியாக நின்றது பெருமாள் முதலியார். சிவாஜியும் கடைசிவரை அந்த நன்றியை மறக்கவில்லை. முடிவெடுத்தவர் எவரோ அவர் படம். செல்ஸ்னிக் அப்படித்தான். முதலில் இயக்கிய ஜார்ஜ் குகோரை நீக்கியது அவர், ஃபிளெமிங் களைத்துப்போனபோது சாம் வுட்டைப் போட்டது அவர், நடுராத்திரியில் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதி எல்லாரையும் படுத்தியது அவர்.

தரைடிக்கெட்:
நான் உங்களுக்கு வலு சேர்க்கலீங்க. தீர்ப்பே சொல்ல முடியாதுன்னுதான் சொன்னேன்.

பயாஸ்கோப் பெரியசாமி:
அதைத்தான் நானும் சொல்கிறேன்.

கவிதா_திருச்சி:
பட்டியலின் பெயரை மறந்துவிட்டோமோ? நூறு வருஷத்துக் கம்பெனி ஒன்று, அது எடுத்த படங்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

முப்பதுகளில் வாரத்துக்கு ஒரு படம் என்பதே எம்ஜிஎம்மின் இலக்கு. சொந்தத் தியேட்டர்கள் இருந்தன, அவற்றை நிரப்பப் படம் வேண்டும். லோ கம்பெனியின் தியேட்டர்களுக்கான தொழிற்சாலைதான் எம்ஜிஎம். அதனால்தான் ஒரு பக்கம் நடிகை கிரெட்டா கார்போ நடித்த கனமான படங்கள், இன்னொரு பக்கம் மிக்கி ரூனியின் ஆண்டி ஹார்டி மாதிரி மலிவாக எடுத்து அள்ளிய தொடர்கள். 1937இல் தொடங்கிய அந்தத் தொடர் கொடுத்த காசில்தான் பெரிய படங்களின் பகட்டு. தால்பெர்க் 37 வயதில் 1936இல் செத்துப்போனார். உயிரோடு இருந்தவரை திரையில் தன் பெயரைப் போடவிடவில்லை. போன பிறகு தயாரிப்பாளர்கள் ஆளுக்கொரு கூடாரம் போட்டார்கள். அதில் ஆர்தர் ஃப்ரீட் கூடாரத்திலிருந்துதான் 'சிங்கிங் இன் த ரெயின்', 'ஜிஜி' எல்லாம் வந்தன. என் பட்டியலில் முதலிடம் அந்தக் கூடாரத்துக்கே.

1948இல் பாரமவுண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, ஸ்டூடியோக்கள் தியேட்டர்களைக் கைவிட வேண்டியதாயிற்று. தியேட்டர் கையில் இல்லாவிட்டால் வாரம் ஒரு படம் எதற்கு? 1951இல் மேயரையே வெளியே அனுப்பினார்கள். 1959 'பென்ஹர்' 11 ஆஸ்கார் வாங்கியது உண்மை. ஆனால் அந்த ருசியில் பழைய வெற்றிகளையே மறுபடி கிண்டினார்கள், பிராண்டோவை வைத்து 1962இல் எடுத்த 'மியூட்டினி ஆன் த பவுண்டி' கையைச் சுட்டது. 1969இல் கெர்க் கெர்க்கோரியன் என்ற கோடீஸ்வரர் கம்பெனியை வாங்கினார். அடுத்த வருஷமே ஆடை, அலங்காரச் சாமான்களை ஏலம் விட்டார்கள். 'விசார்ட் ஆஃப் ஆஸ்' டோரதியின் சிவப்புச் செருப்பு 15,000 டாலருக்குப் போனது. படம் எடுத்த கம்பெனி லாஸ் வேகாஸில் சூதாட்ட ஓட்டல் திறந்தது. எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான், பாதியா மூன்றில் ஒன்றா என்பதற்கு இல்லை.

லியோ ரசிகன்:
அருமையான பதிவு கவிதாக்கா. 'பென்ஹர்' என் பட்டியல்ல ரெண்டாவது.

பயாஸ்கோப் பெரியசாமி:
நல்ல பதிவு அம்மா. ஒரே ஒரு திருத்தம்: "கெர்க்" இல்லை, "கர்க்". மற்றபடி நீங்கள் எழுதியதில் 'கான் வித் த விண்ட்' எங்கும் வரவில்லை, கவனித்தீர்களா? எம்ஜிஎம் வரலாற்றை ஒருவர் ஒழுங்காக எழுத உட்கார்ந்தால் அந்தப் படம் தானாகவே வெளியே நின்றுவிடுகிறது.

கவிதா_திருச்சி:
ஐயோ. நான் அதற்காக விடவில்லை.

லியோ ரசிகன்:
சரி, இப்போ கடைசி அஸ்திரம். 1944! அந்த வருஷம் செல்ஸ்னிக் தரப்பு பங்கு முழுக்க எம்ஜிஎம் கைக்கு வந்தாச்சு. உங்க மாப்பிள்ளை தன் பங்கைக் கம்பெனியில பணம் போட்ட கூட்டாளி ஜாக் விட்னிக்கு வித்தாரு, விட்னி எம்ஜிஎம்முக்கு வித்தாரு. அதுக்கப்புறம் நாப்பது வருஷம் மறுவெளியீடு மேல மறுவெளியீடா உலகம் பூரா ஓட்டினது யாரு? சிங்கம். நூறு சதவீதம். இப்போ சொல்லுங்க மூணுல ஒண்ணுன்னு.

பயாஸ்கோப் பெரியசாமி:
இதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன்.

வாங்கினால் சொந்தம் என்றால் 1986இல் டிவி முதலாளி டெட் டர்னர் எம்ஜிஎம்மை வாங்கி, மூச்சுத் திணறி, கம்பெனியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பழைய படக் களஞ்சியத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். டர்னர் கம்பெனி 1996இல் டைம் வார்னரோடு சேர்ந்தது. ஆகவே இன்று 'கான் வித் த விண்ட்' வார்னர் படம். 'விசார்ட் ஆஃப் ஆஸ்' வார்னர் படம். உங்கள் 'பென்ஹர்' வார்னர் படம். 'டாம் அண்ட் ஜெர்ரி'கூட வார்னர். கல்வர் சிட்டியில் சிங்கம் இருந்த இடத்தில் இன்று சோனி இருக்கிறது. 2022இல் அமேசான் எண்ணூற்று நாற்பத்தைந்து கோடி டாலர் ஒப்பந்தத்தில் வாங்கிய எம்ஜிஎம்மில் நீங்கள் போட்ட முதல் இரண்டு படமும் இல்லை. உங்கள் கணக்குப்படியே உங்கள் பட்டியல் காலி.

எங்கள் அப்பா ஐம்பதுகளில் பம்பாயில் வேலை பார்த்தார். எம்ஜிஎம்மே 1938இல் கட்டிய மெட்ரோ தியேட்டருக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். வாராவாரம் போவார். எனக்கு இதையெல்லாம் நேற்று மொபைலில் படித்துத் தெரியவில்லை.

லியோ ரசிகன்:
ஓ, எம்ஜிஎம் தியேட்டர்ல எம்ஜிஎம் படம் பார்த்து வளர்ந்த குடும்பம்! அப்போ உப்பிட்ட வீட்டுக்கே இப்படியா?

நாங்க மொபைல்ல படிச்சவங்கதான். தெருக்கணக்கு சொல்லி சரித்திரம் பேச எங்களுக்கு வராது.

பயாஸ்கோப் பெரியசாமி:
அப்பாவை இழுக்காதீர்கள்.

லியோ ரசிகன்:
நீங்கதானே இழுத்தீங்க!

யாழ்க் குமரன்:
ஹட்டி மக்டானியல் பற்றி நான் எழுதினதுக்கு ஒருத்தரும் இன்னும் பதில் எழுதேல்லை. எழுத்துக்கூட்டல் பற்றி மட்டும் பதில் வந்தது. குறிச்சு வைக்கிறன்.

ஈசிஆர் சேகர்:
குமரன் அண்ணே, பகிடிக்குச் சொன்னேன், கோபிக்காதீங்க. "பகிடி" கரெக்டா எழுதிட்டேனா?

யாழ்க் குமரன்:
எழுத்துச் சரி. பகிடிதான் சரியில்லை.

லியோ ரசிகன்:
நான் பட்டியலை மாத்தப் போறதில்லை. வேணும்னா படத்துக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரக் குறி போடுறேன். "பயாஸ்கோப் ஐயாவுக்கு மட்டும் ஆட்சேபணை உண்டு." படம் தொடங்கும்போதே "செல்ஸ்னிக் இன்டர்நேஷனல், மெட்ரோ கோல்ட்வின் மேயருடன் இணைந்து" அப்படின்னுதான் எழுத்து வரும். இணைந்து! அந்த வார்த்தை போதும் எனக்கு. இனி இந்த இழைக்கு வரமாட்டேன்.

பயாஸ்கோப் பெரியசாமி:
அந்த எழுத்தில் முதலில் வரும் பெயர் யாருடையது என்பதையும் அவரே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். கல்யாணப் பத்திரிகையில் "இவர்களுடன் இணைந்து" என்று கீழே யார் பெயரைப் போடுவோம்? மண்டபத்துக்காரர் பெயரைக்கூடப் போடுவதில்லை, மண்டபத்தின் பெயரைத்தான் போடுவோம்.

வரமாட்டேன் என்று பாண்ட் இழையிலும் சொன்னார்.

லியோ ரசிகன்:
"இணைந்து" ன்னா பாதிப் பாதின்னு அர்த்தம். அகராதி பாருங்க.

பயாஸ்கோப் பெரியசாமி:
எந்த அகராதி? பன்னிரண்டரை வகுத்தல் முப்பத்தெட்டரை. மறுபடி போட்டுப் பாருங்கள்.